சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்

ஒலியை அணைத்துவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறார். "வாய் சொல்றது கிடக்கட்டும். கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க" என்கிறார். தாயோ தகப்பனோ யாரிடமும் சொல்லாமல் வேறு நாட்டுக்குத் தூக்கிப்போய்விட்ட பிள்ளைகளை மீட்கிற வழக்குகள்தான் இந்த வக்கீலம்மாவின் பிழைப்பு. கோர்ட் வராந்தாவில் அவருக்கு 'ஊமைப்படம்' என்று பட்டப்பெயர். காதில் விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

அவர் அறையில் எந்நேரமும் ஏதாவதொரு குழந்தை திரையில் ஓசையில்லாமல் வாயசைத்துக்கொண்டிருக்கும். அவர் பாட்டுக்கு எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்பார். நான் என் தேநீரை ஆறவிட்டுத் திரையையே பார்த்திருந்தேன்.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் போயிருந்த அன்று ஒரு தகப்பன் வந்திருந்தார். விடுமுறைக்கென்று ஏழு வயது மகளைக் கூட்டிப்போன மனைவி திரும்பவே இல்லை. வாரம் ஒருமுறை வீடியோவில் பேச மட்டும் அனுமதி கிடைத்திருந்தது. பழைய பதிவில், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் குழந்தையின் கண்கள் இடப்பக்கம் மேலே போய்விட்டு வந்தன. அங்கே யாரோ நிற்கிறார்கள். நிழல்கூடத் தெரியவில்லை, ஆனாலும் நிற்கிறார்கள்.

பிறகு இந்த வாரப் பதிவு. கண்கள் எங்கேயும் போகவில்லை. குழந்தை நேரே எங்களைப் பார்த்துச் சிரித்தபடி பேசியது.

"இப்பல்லாம் பயப்படாம பேசுறா மேடம்" என்றார் தகப்பன், முகம் மலர்ந்து.

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துல ஆள் நிக்க வேண்டிய அவசியமே போயிடுச்சு. பிள்ளை அங்கயே வேர் விட்டுடுச்சுன்னு அவங்க வக்கீல் சொன்னா, அங்க இருக்கிற கோர்ட் திருப்பி அனுப்பாம விட்டுடலாம். நாளைக்கே அங்க இருக்கிற நம்ம வக்கீலை அவசர மனு போடச் சொல்றேன்."

அந்த மனிதர் பெற்ற மகளின் சிரிப்பைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் போனபின், இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரல. நானே அப்படிப் போன பிள்ளைதான். எங்கப்பா தூக்கிட்டுப் போனார். அம்மாகிட்ட போன்ல பேச விடுவார். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அவரும் செத்து வருஷமாச்சு" என்றார், மழை பெய்ததைச் சொல்வதுபோல.

"உங்களை எப்படிப் பாத்துக்கிட்டார்?"

வக்கீலம்மா இடப்பக்கம் மேலே, வெறும் சுவரை ஒருமுறை பார்த்தார்.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டார்."