எத்தனை சுறா?

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் எங்கள் கோவைப் பேருந்து பழுதாகி நின்று நாற்பத்திரண்டு நிமிடம் ஆகிறது. என் கவலையெல்லாம் பக்கத்து இருக்கை ஆராய்ச்சிப் பெண்ணின் தெர்மாகோல் பெட்டியைப் பற்றித்தான். சுறாக் கணக்கெடுப்புக்காகத் தூத்துக்குடிக் கடல்நீரை வடித்த பன்னிரண்டு வடிதாள்கள் அதற்குள் குப்பிகளில் இருக்கின்றன. சுறாக்கள் நீரில் உதிர்த்த மரபணுத் துணுக்குகள் அவற்றில் ஒட்டியிருக்கின்றனவாம். ஐஸ் கரைந்து சூடேறினால் அவை சிதைந்துவிடும். அவள் ஆறு நாள் படகில் அலைந்தது வீண்.

சுறா என்ற சொல்லைக் கேட்டு, நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் எட்டிப் பார்க்கிறார். "பால்சுறாவாம்மா? புட்டுக்கு நல்லாருக்குமே!"

"மீன் இல்லண்ணே. அது தண்ணியில விட்டுட்டுப் போன தடயம்."

"மீனே இல்லாத மீன் பெட்டியா!" சிரித்தபடியே தன் மல்லிகைப் பெட்டியைத் திறந்து, இரண்டு ஐஸ் பொட்டலங்களை எடுத்து நீட்டுகிறார். "வையி தாயி. பூ செத்த நேரம் தாங்கும்."

நான் அவளிடம் கேட்கிறேன்: "மொத்தம் எத்தனை சுறா?"

"என்னென்ன வகைன்னு தெரியும் சார். எத்தனைன்னு உறுதியாச் சொல்ல முடியாது."

எனக்கு ஆறவில்லை. எண்ணிக்கை இல்லாமல் என்ன கணக்கெடுப்பு?

வியாபாரி விடவில்லை. "மூடுன கூடையில மல்லியா முல்லையான்னு வாசத்துலயே சொல்லிருவேன் ஐயா. அம்புட்டையும் எண்ணிச் சொல்லுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

மாற்றுப் பேருந்து வருகிறது. பெட்டியை நான் மடியில் வாங்கிக்கொள்கிறேன். மூடி இடுக்கில் மல்லிகை மணக்கிறது. உள்ளே ஒரு பூகூட இல்லை.