பன்னிரண்டாம் தேதிப் பெட்டிகள்

கிளாஃபிரா தன் சூப்புப் பானைக்குப் பூட்டு போட்டிருந்தாள். ஐந்து குடும்பத்துக்கு ஒரே சமையலறை, யாரை நம்புவது? பால் புட்டியில் பென்சிலால் கோடு கிழித்து வைப்பாள். ஒருநாள் பால் கோட்டுக்கு மேலே நின்றது. "எவளோ தண்ணி ஊத்திட்டா" என்று இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை.

போர் அவள் புருஷனைக் கொண்டுபோய்விட்டது. தனிச் சமையலறையுள்ள ஒரு வீட்டுக்காக, தொழிற்சாலையின் வீட்டு வரிசையில் பதினோரு வருஷமாகக் காத்திருந்தாள். அந்த மார்ச் மாதம் அவள் பெயர் நான்காவதாக வந்திருந்தது.

ருஷ்யாவில் உரால் மலையடியில் இருந்த அந்தத் தொழிற்சாலை துணி துவைக்கும் இயந்திரம் செய்தது. ஒவ்வொரு இயந்திரத்தோடும் ஒரு சிறு புத்தகம் போகும், பாஸ்போர்ட் என்பார்கள். இயந்திரத்தைப் பெட்டி கட்டி, அந்தப் புத்தகத்தில் செய்த தேதியை முத்திரை குத்தி, கீழே கையெழுத்துப் போடுவது கிளாஃபிராவின் வேலை.

மாதத்தின் முதல் பத்து நாள் உதிரிப் பாகம் வராது. ஆட்கள் டொமினோக் கட்டை உருட்டி விளையாடுவார்கள். அடுத்த பத்து நாள், வந்த பாகம் எங்கே போனதென்று தேடுவார்கள். கடைசிப் பத்து நாள் மாத இலக்கை எட்டுவதற்காக ஆலைக்கே பேய் பிடிக்கும். திருகாணியைத் திருக நேரமில்லாமல் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். இருபத்தொன்பதாம் தேதி பிறந்த ஓர் இயந்திரம், துவைத்தபடியே அறையை விட்டு வெளியேறி, மூன்று மாடிப் படியிறங்கி, டிராம் நிறுத்தத்தில் போய் நின்றது. இது கிளாஃபிரா சத்தியம் செய்து சொன்னது; கதை சொல்கிற நான் சேர்த்தது ஒரு மாடிதான்.

வாங்குகிறவர்கள் விவரமானவர்கள். கடையில் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் புரட்டுவார்கள். தேதி இருபதைத் தாண்டினால் நடையைக் கட்டிவிடுவார்கள். கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பத் தொடங்கின.

முப்பதாம் தேதி, இலக்குப் பிரிவின் தலைவர் ரதியோனவிச் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இந்த மாசத்துப் பெட்டி எல்லாத்துக்கும் பன்னெண்டாம் தேதி குத்துங்க."

"எல்லாத்துக்குமா? ஏன் பன்னெண்டு?"

"பதிமூணுன்னா எவன் வாங்குவான்? உங்க வேலை கைக்குத்தான், வாய்க்கில்ல. வீட்டு வரிசையில நாலாவதுதானே நீங்க? நாப்பதாவதும் ஆகலாம்."

அவள் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். "எழுதிக் குடுங்க."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"பெத்தவகிட்டயே ரெண்டு தரம் விசாரிச்சுட்டுத்தான் பால் குடிச்சவ நான்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தாளில் கிறுக்கி, கையெழுத்துப் போட்டு வீசினார். அவள் அதை மடித்துக் காலுறைக்குள் செருகினாள். சுவர் நாட்காட்டியில் பன்னிரண்டு சிவப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆலையே பூட்டிக் கிடந்த நாள். சொல்ல வாயெடுத்தாள். வாய்க்கு வேலையில்லை என்றாரே, மூடிக்கொண்டாள். ஆயிரத்து நூற்று நாற்பது முத்திரை விழுந்தது.

மே மாதக் கடைசியில் மாஸ்கோவிலிருந்து கடிதம் வந்தது. ரதியோனவிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்த முகத்தோடு அவள் முன்னால் நின்றார். இன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று அவள் காலுறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பாஸ்போர்ட் தேதியை எல்லாம் எண்ணிப் பாத்திருக்காங்க. லீவு நாள்ல தொழிலாளிங்க தாங்களா முன்வந்து, ஒரே நாள்ல ஆயிரத்து நூத்து நாப்பது இயந்திரம் செஞ்சாங்களாம். பாராட்டி எழுதியிருக்காங்க!"

"நல்லதுதானே?"

"நாசமா போச்சு! அதை மாசத்துக்குப் பெருக்கி புது இலக்கு போட்டுட்டாங்க. வியாழக்கிழமை ஒரு குழு வருது. ஒத்தை ஆளா அத்தனையும் பெட்டி கட்டின வீராங்கனை, அதாவது நீங்க, அவங்க முன்னாடி திரும்ப செஞ்சு காட்டணுமாம்."

என்னை முன்னால் தள்ளிவிட்டு இவர் நழுவப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தாளை உருவி, எட்டவே நின்று விரித்துக் காட்டினாள். அவர் கை கூப்பினார்.

"தாயே, உடம்பு சரியில்லன்னு படுத்துடுங்க."

"எங்க படுக்க? பக்கத்து ரூம் நியூரா சுவத்துல காதை வெச்சு, என் இருமல் நிஜமா பொய்யான்னு ஊருக்கே சொல்லிடுவா. தனி வீடு வேணும்."

"உங்களுக்கு முன்னாடி மூணு குடும்பம் இருக்கே!"

"அவங்களுக்கும் குடுங்க. எனக்கு மட்டும் குடுத்தா மூணு பேரும் மொட்டைக் கடுதாசி போடுவாங்க. நாலு சாவி."

புதன்கிழமை நாலு சாவியும் வந்தன. கிளாஃபிரா புது வீட்டில் குழாயைத் திறந்து, தண்ணீர் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சுவரையும் தட்டிக் கேட்டாள். அடுப்பை மூன்று முறை பற்றவைத்து அணைத்தாள். அப்புறம்தான் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. ஆரஞ்சுப் பழத்தோடு குழு வந்திருந்தது.

"தோழர் கிளாஃபிரா, ஒரே ஒரு வார்த்தை! எப்படி முடிஞ்சுது உங்களால?"

கதவைத் திறக்காமலே இருமினாள். "ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்பினோம்."

வெளியே பேனாக்கள் பரபரவென்று எழுதின. பழங்களை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். வந்தபோது ஐந்து ஜோடிக் காலடி. இறங்கியதை எண்ணினாள். நாலுதான்.

அவள் கட்டிலில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, மத்தியானம்வரை விடாமல் இருமினாள்.