ஃபோன்மேல் வைத்த ஸ்க்ரூடிரைவர்

மெக்கானிக்கைப் பார்த்ததும் காரின் சத்தம் ஏன் நின்றுவிடுகிறது?

நாளைக் காலை மகளைத் தேர்வுக்கு ஆவடி கூட்டிப்போக வேண்டும். கொஞ்ச நாளாக பானெட்டுக்குள் கீச் கீச் என்று ஒரு சத்தம். வழியில் கார் நின்றுவிடுமோ என்று பயந்து, குமணன்சாவடி மெக்கானிக்கிடம் இன்று போனேன். எஞ்சின் சமர்த்தாக ஓடியது.

"சத்தமே இல்லியேம்மா."

ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன்.

அவர் நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வழக்கமாக அதன் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பார். இன்று என் ஃபோன்மேல் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஃபேன் பெல்ட் இல்ல. ஆல்டர்னேட்டர் பேரிங் தேஞ்சி பூட்ச்சி."

"தம்பி, அது என் ஃபோன்."

"தெரியுதும்மா. சவுண்ட கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினேன்.

"பாத்தீங்களா, இன்னும் மோசமா கீது. இத்த வெச்சிகினு ஆவடி போவாதீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் சேர்த்தது: கார் கீச்சிட்டபடியே ஆவடி போய் வந்தது. மகள் நேரத்துக்குத் தேர்வு எழுதினாள். ஃபோனில்தான் ஸ்பீக்கர் போய்விட்டது. ஒருவேளை அதற்கும் பேரிங்தானோ, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.