புதன்கிழமை சாம்பிராணி

இதுவரை பதினோரு வீடுகளில் இருந்திருக்கிறேன். மற்ற வீடுகளை விட்டதற்கு வேலை, வெள்ளம், என் கால் ஓரிடத்தில் நிற்காதது என்று ஏதேதோ காரணங்கள். மேற்கு மாம்பலத்து வீட்டை விட்டதற்கு மட்டும் நான்கு முட்டைகள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு தி.நகர் துணிக்கடையில் வேலை; நாள் முழுக்க நின்றபடி புடவை விரிக்க வேண்டும். மாடியில் வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். மகனும் மகளும் அமெரிக்காவில். கீழே ஓர் அறையும் சமையல் மேடையும் எங்களுக்கு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் வீடு என்று தரகர் சொன்னதும், "நாங்க முட்டைகூடத் தொடமாட்டோம்" என்று அம்மா கண் இமைக்காமல் சொன்னாள். ரயில் பாதையைத் தாண்டினால் கடை, குழாயில் தண்ணீர், புருஷன் எங்கே என்று குடையாத வீட்டுக்காரி. இதற்குமேல் என்ன வேண்டும்.

பள்ளி விட்டு வந்தால் அம்மா வரும்வரை நான் மட்டும்தான். மாடியில் மாமி நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டால் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

சித்தப்பா ஒரு பெரிய ஹோட்டல் சமையற்கட்டில் இருந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் அவருடைய அறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். வேகவைத்த முட்டையை நீளவாக்கில் வகிர்ந்து, மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸும் கடுகு சாஸும் சேர்த்து மசித்தார். கழுவிய பால் கவரில் அதை அடைத்து, முனையை வெட்டி, வெள்ளைக் கருவின் பள்ளத்தில் பூப்போலப் பிழிந்தார். மேலே மிளகாய்த்தூள்.

"இது பேரு இன்னா தெரிமா? டெவில் முட்டை. பாக்க ஸ்வீட்டு மாரி கீது, உள்ள பேய்க் காரம்."

அம்மா ஐந்து சாப்பிட்டாள். அப்பா போன பிறகு அவள் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். அடுத்த மாதம் சித்தப்பா துபாய் போய்விட்டார்.

ஒரு புதன்கிழமை, கடையிலிருந்து ஆறு மணிக்கே வந்துவிடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். நான் இரண்டு தெரு தள்ளியிருந்த கடையில் நான்கு முட்டை வாங்கி, டிபன் பாக்ஸில் ஒளித்துக் கொண்டுவந்தேன். மயோனைஸுக்குப் பதில் கெட்டித் தயிர், சாஸுக்குப் பதில் அரைத்த கடுகு. எல்லாம் சரியாகவே வந்தது, வாசம் ஒன்றைத் தவிர. அதை மறைக்க, அம்மா வெள்ளிக்கிழமை ஏற்றும் கப் சாம்பிராணியில் மூன்றை ஒன்றாகக் கொளுத்தினேன். அன்று புதன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"என்னடி குழந்தை, புதன்கிழமையும் அதுவுமா ஆத்துல என்ன விசேஷம்? மாடி வரைக்கும் மணக்கறதே."

உள்ளே வந்த மாமி, முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பேரனுக்கு நாலு வயது ஆகிறதாம், போனில் தமிழே வரவில்லையாம். இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்துவிட்டார்.

"இது என்ன, புதுசா இருக்கே?"

"ஸ்வீட்டு."

"நீயே பண்ணினியா?"

"அம்மாவுக்கு."

"சமர்த்து. எனக்கு யார் பண்ணித் தரா? ஒண்ணு எடுத்துக்கறேன், கோச்சுக்காதே."

எடுத்தும்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த வீடு எங்களுக்கு நிலைக்கும் என்று நினைத்தேன். மாமியின் கை வாயருகே போயிற்று.

"மாமி, அது முட்டை."

கை நின்றது. மாமி அதை எடுத்த இடத்திலேயே, வரிசை கலையாமல் வைத்தார். எழுந்து போய்க் குழாயில் வெகுநேரம் கை கழுவினார். வாசலில் நின்று, "ஜன்னலத் திறந்து வை. இந்தப் புகை உனக்கு ஆகாது" என்றார். அவ்வளவுதான். மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது.

அம்மா செருப்பைக் கழற்றும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழவில்லை. அம்மா தட்டின் முன் உட்கார்ந்தாள். மாமி தொட்டது எது என்று கேட்டாள். காட்டினேன். அதிலிருந்து ஆரம்பித்து எட்டையும் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மி" என்றாள். பிறகு, "அவங்க வாயால போகச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடணும்."

மாதக் கடைசியில் வடபழனிப் பக்கம், தண்ணீர் இல்லாத ஓர் அறைக்குப் போனோம். பள்ளி தூரமாயிற்று, பின்னால் அதுவும் நின்றுபோயிற்று.

சாமான் ஏற்றிய ஆட்டோவில் நான் ஏறும்போது மாமி கீழே இறங்கி வந்தார்.

"அன்னிக்கு நீ பண்ணினது அம்மாக்குப் பிடிச்சுதாடி?"

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை மாமி கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அவர் எங்களைப் போகச் சொல்லவே இல்லை. மாடியில் நாற்காலி நகர்வதை நான் கேட்டுக்கொண்டிருந்ததுபோல, கீழே நான் பாத்திரம் உருட்டுவதை அவரும் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். சாம்பிராணி, கீழே இறங்கி வர அவருக்குக் கிடைத்த ஒரு சாக்கு. பத்து வயதில் எனக்கு அது புகையாக மட்டுமே தெரிந்தது.