ரிசைன், ரிட்ரெஞ்ச்

ஆள் குறைக்கிறோம் என்று சொல்லி, ஈப்போ ஆபீசில் மேனேஜர் நீட்டிய கடிதத்தில் 'ரிசைன்' என்றிருந்தது.

தாப்பா பக்கம் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபோது, தோட்டத்துக் கணக்கரான கிராணி இதே சொல் போட்ட கடிதத்தோடுதான் வந்தார். அப்போது எனக்குப் பதினொரு வயது.

"படிச்சுச் சொல்லும்மா," என்றார் அப்பா. அவர் கையில் ரப்பர்பால் வாடை.

"வேலை முடியுதுன்னு போட்டிருக்குப்பா."

கிராணி தலையாட்டினார். அப்பா கைநாட்டு வைத்தார்.

ரிட்ரெஞ்ச் என்றால் அவர்கள் நீக்குவது. ரிசைன் என்றால் நாமே விலகுவது. கிராணிக்கு அது தெரியும்; எனக்கு அன்று தெரியவில்லை. நஷ்டஈடு கேட்டபோது, "நீதானே விலகிப் போன?" என்றார். தோட்டத்து வீட்டையும் காலிசெய்ய வைத்தார். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"நீக்குறது நீங்க சார். ரிட்ரெஞ்ச்னு மாத்துங்க. இதுல கையெழுத்துப் போட மாட்டேன்லா!" என்று மேனேஜரிடம் கத்தினேன்.

மேனேஜர் கடிதத்தை இழுத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.