தறி நின்ற இடங்கள்

எங்கள் ஊரில் மாப்பிள்ளை கேட்டுப் பெண் வீட்டார்தான் போவார்கள். என் கதையில் அதுவும் தலைகீழாகப் போனது. கேட்டுப் போய்வந்த பிறகு, பொடியனுக்கு இங்கிலீசு தெரியுமா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று மாமா சொல்லிவிட்டார். மாமா தலையாட்டாமல் எங்கள் வீட்டில் கோழி கூட அறுபடாது. உம்மாவின் ஒரே ஆண் உடன்பிறப்பு அவர். அரசாங்கக் கச்சேரியில் பியூனாக இருந்து துரைமாருக்குப் பின்னால் ஃபைல் சுமந்தவர். சுமந்ததெல்லாம் தலைக்குள்ளும் இறங்கிவிட்டதாக அவருக்கு எண்ணம்.

பொடியன் தேறாவிட்டால் எனக்கென்று மாமா இன்னொருவரை வைத்திருந்தார். கல்முனைச் சந்தையில் கடை, செத்துப்போன மனைவி, வாப்பாவின் வயது. இந்தப் பொடியனையோ வேலி இடுக்கால் நான் பார்த்திருந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தபடி போனார். எனக்கு அவரைத்தான் பிடித்திருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

வருகிறவர்களுக்குப் பெண்ணைக் காட்டமாட்டார்கள். பெண்ணின் தறிச் சத்தத்தைக் கேட்கச் செய்வார்கள். சத்தம் விடாமல் வந்தால் பெண் நல்ல உழைப்பாளி என்று அர்த்தம். அதனால் உம்மா என்னைப் பின்னறையில் தறியில் உட்காரவைத்து, அவர்கள் எழும்பிப் போகும்வரை நிறுத்தக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார். நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகுத் தட்டிதான். மாமாவின் குரலுக்குச் செங்கல் சுவரே போதாது.

நான் பெரியபிள்ளை ஆனதும் பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்பட்டவள். ஆனால் தம்பியின் இங்கிலீசுப் பாடமெல்லாம் நான்தான் செய்துகொடுத்தேன். ஒருமை, பன்மை, நேற்று, இன்று, நாளை எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிழையைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது.

மாமா எருதில் தொடங்கினார். ஒன்று ஒக்ஸ், பல எருதுக்கு என்ன? பொடியன் 'ஒக்ஸஸ்' என்றார். என் கை தானாக நின்றது. எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை. வீடு திடீரென்று அமைதியானதும் பொடியன் தடுமாறி, "இல்ல, ஒக்ஸன்" என்றார். நான் நாடாவை ஓடவிட்டேன்; தறி மறுபடி சத்தம் போட்டது.

அடுத்து 'கெச்'. நேற்று மீன் பிடித்தான் என்பதை எப்படிச் சொல்வாய்? 'கெச்சுட்' என்றார் அந்த மனுஷன். தறி நின்றது. கொஞ்சம் பொறுத்து 'கோட்' என்று வந்தது. தறி ஓடியது. அதற்குப் பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. பதிலைச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதும், சத்தம் நின்றால் பதிலை மாற்றுவதுமாக ஒரு கெட்டிக்காரர் ஆனார். மாமாவோ, யோசித்துப் பேசுகிற பிள்ளை என்று வாப்பாவிடம் மெச்சினார்.

உம்மா பின்னறைக்கு ஓடிவந்து என் தோளில் கிள்ளினார். "ஏன் புள்ள தறி நிண்டு நிண்டு போகுது? சோம்பேறி எண்டு நினைக்கப்போறாங்க."

நூல் அறுந்துபோகுது உம்மா என்றேன். அந்த நல்ல நூல் அன்றைக்குப் போல் என்றைக்கும் அறுந்ததில்லை.

கடைசியில் மாமா ஆட்டுக்கு வந்தார். ஒன்று ஷீப், பல ஆட்டுக்கு? பொடியன் உடனே 'ஷீப்' என்றார். யாருடைய உதவியும் இல்லாமல் சரியாகச் சொன்னார். நான் சந்தோஷத்தில் மிதியை ஓங்கி மிதித்தேன்.

"பிழை" என்றார் மாமா. "ஒரு ஆட்டுக்கும் ஒரு பட்டி ஆட்டுக்கும் ஒரே சொல்லா? ஷீப்ஸ். துர சொல்ல என்ர காதால கேட்டிரிக்கன்."

பொடியன் வாதாடினால் மாமா எழும்பிப் போவார்; நேரே சந்தைக் கடைக்குத்தான் போவார். தறியை நிறுத்தினேன்.

பாவம், பொடியன் குழம்பிப்போனார். சரியாகச் சொன்னதற்குத் தறி நிற்கிறதே. "ஓம் மாமா, ஷீப்ஸ்தான்" என்றார் மெல்லிய குரலில்.

அடித்தேன் பாருங்கள் தறியை. தட்டியெல்லாம் ஆடியது. நான் நெய்துகொண்டிருந்த சாரன் துணியில் அந்த இடம் மட்டும் பலகை மாதிரி இறுகிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. பொடியனுக்கு இங்கிலீசு இரிக்கி என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

கலியாணம் முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கே குடிவந்த பிறகு, ஒருநாள் காலைத் தேத்தண்ணியோடு தறியடியில் வந்து உட்கார்ந்தார். பலநாளாக மனதில் கிடந்ததைக் கேட்பவர்போல் தொண்டையைச் செருமினார்.

"அண்டைக்கு ஷீப் எண்டதுக்கு ஏன் தறிய நிப்பாட்டின? நான் புத்தகத்தப் பாத்தன். அதுதானே சரி. உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"பொறகு?"

நான் நாடாவைக் கையில் எடுத்தேன். "ஒரு எஸ்ஸுக்காக உங்கள உட்டுட்டு, அந்தக் கடக்காரனுக்குச் சோறு ஆக்கச் சொல்லுறீங்களா?"