டீசல் இல்லாமல் ஓடிய இன்ஜின்

அறுபதுகளில் புதுக்கோட்டையில் ஒரு பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டினேன். மற்ற வண்டிகளைவிட அது குறைவாகவே டீசல் குடித்ததால் முதலாளி என்னை மெச்சினார். ஆனால் இன்ஜின் ஆயில் நாளுக்கு நாள் குறைந்தது. நல்ல பேர் போய்விடுமே என்று யாரிடமும் சொல்லாமல் நானே ஊற்றி வந்தேன்.

ஒரு நண்பகலில் கட்டுமாவடிக் கரையில் சவாரியை இறக்கிவிட்டு, டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துவிட்டு இறங்கினேன். இன்ஜின் நிற்கவில்லை. ஆளில்லாத வண்டி மேலும் மேலும் அலறியது. டீசல் குழாயையே கழற்றினேன். அப்போதும் ஓடியது. நீலப் புகைக்குள் உயிருள்ளதுபோல் அது நடுங்கியதைப் பார்த்துப் பின்வாங்கினேன்.

"அங்கிட்டுத் தள்ளிப் போங்க! வெடிச்சுரும்!"

படகிலிருந்து ஓடிவந்த மீனவர் ஒருவர், இன்ஜின் காற்றிழுக்கும் வாயில் ஈரச் சாக்கை அழுத்தினார். மூச்சு முட்டுவதுபோல் திணறி, அது அடங்கியது.

"எங்க போட்டு இன்ஜினும் ஒருக்கா இப்படித்தான் ஓடுச்சு. தன் ஆயிலையே குடிச்சு ஓடுதுங்க. ஆயில் கொறையிறது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றேன்.

அதை நம்பித் தலையாட்டியபடி, இன்ஜின் சூட்டில் வெந்துபோன தன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். அன்று மாலையே முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மனிதரிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.